திரியை நிறுத்துதல்

தமிழில் மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு. தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளி தருகிறது என்கிற தியாக உருவகம் ஆண்டுமலர்க் கவிதைகளிலும் பிரிவுபசார மடல்களிலும் ஆசிரியர் தின மேடைகளிலும் இன்னும் செலாவணியில் இருக்கிறது. மெழுகு யாருக்காகவும் உருகுவதில்லை. அது விறகு. சுடரின் சூட்டில் இளகி, நூலிழைகளுக்கு இடையே மேலேறி, நுனியில் ஆவியாகிறது. எரிவது அந்த ஆவி. மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். எரிதலில் தொடங்கி நாம் விடும் மூச்சுவரை போனார். தியாகத்தின் துணை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

இது எனக்குக் கவிதையியல் பிரச்னையாக மட்டும் வரவில்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளிய ஓர் ஊரில், பள்ளிக்கூட உத்தியோகத்தில் இருக்கிறேன். இங்குள்ளவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். மின்சாரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பிமேல் மரம் சாய்ந்தால் இரண்டு மூன்று நாளைக்கு இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் திருவண்ணாமலைப் பக்கம் கொட்டித் தீர்த்தபோது அதற்கும் மேலே. சூரிய விளக்குகள் மேகம் கவிந்த வாரத்தில் நம்மைப்போலவே சோர்ந்துவிடுகின்றன.

நான் வந்த இரண்டாம் வருஷம் ஒரு வீடு எரிந்தது. புல் வேய்ந்த கூரை. பவுடர் டப்பா மூடியில் நாலு சொட்டு மெழுகு விட்டு அதன்மேல் நிறுத்தி வைத்த கடை மெழுகுவர்த்தி. பத்தாம் வகுப்புப் பெண் படித்துக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு மூட்டை சாமை, புத்தகங்கள், சாதிச் சான்றிதழ் போயின. அந்தக் கடைசிக் காகிதத்தை மறுபடி வாங்க அவள் தகப்பன் எத்தனை முறை மலை இறங்கினார் என்பது தனிக் கட்டுரை. அதை எழுதக்கூடியவர் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் குவளையில் மெழுகு வார்க்க ஆரம்பித்தோம். சாய்ந்தாலும் சுடர் குவளைக்குள்ளேயே இருக்கும் என்பது கணக்கு. தடித்த கண்ணாடி ஊறுகாய்ப் புட்டிகள் நன்றாக இருந்தன. மண் அகல் மெழுகைக் குடித்துவிடுகிறது. கொட்டாங்குச்சி பார்க்க அழகு, கடைசியில் அதுவே பற்றிக்கொள்ளும். மெழுகுக்குத் துண்டு மெழுகுவர்த்திகளோடு தேன்மெழுகு. பாறைகளிலும் உயரமான மரங்களிலும் மலைத்தேன் எடுக்கிற வீடுகளில் ராட்டைப் பிழிந்தபின் மிஞ்சுவது. ஓர் ஆயா அதைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, வெல்லம் மாதிரி உருண்டையாக்கித் தருகிறாள். தேன்மெழுகு இளக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். இளகினாலும் மெல்லத்தான் நூலேறும். ஆகவே திரி கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும்.

வார்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்கினால் போதும். சிரமமெல்லாம் திரியை நிறுத்துவதில். ஒன்றும் செய்யாமல் நூலைத் தொங்கவிட்டு மெழுகை ஊற்றினால் அடிநுனி மிதந்து மேலே வருகிறது, அல்லது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஓரத்தில் எரியும் சுடர் கண்ணாடியை ஒரே இடத்தில் காய்ச்சுகிறது, புட்டி விரிசல் விடுகிறது. நடுவில் நின்றாலும் ஆபத்து முடிவில் வருகிறது. புட்டியின் அடியில் ஒரு விரற்கடை மெழுகு மட்டும் நீராய் நிற்கும்போது, பிடிப்பில்லாத திரி எரிந்துகொண்டே சாயும். நள்ளிரவுக்கு மேல், எல்லோரும் உறங்கியபின், நடக்கிற காரியம் அது.

சோடா மூடிதான் தீர்வாக அமைந்தது. பல்விளிம்புள்ள தகர மூடி. உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் வட்டத்தை உரித்துவிட்டு, குழிவான பக்கத்திலிருந்து ஆணி அடித்தால் மறுபக்கம் துளையைச் சுற்றிப் பிசிறு எழும்பும். மூன்று புரியாகப் பின்னிய பருத்தி நூலை உருகிய மெழுகில் தோய்த்து, நீட்டி இழுத்து ஆறவிட வேண்டும், கம்பிபோல் விறைத்துக்கொள்ளும். அதைத் துளையில் கோத்து அடியில் முடிச்சு. மேலே எழும்பிய பிசிறைக் குறடால் நூலோடு சேர்த்து நெரிக்க வேண்டும். முடிச்சு மூடியின் குழிவுக்குள் ஒளிந்துகொள்வதால் மூடி ஆடாமல் உட்காருகிறது. புட்டியடியில் ஒரு கரண்டி மெழுகு விட்டு மூடியைக் கவிழ்த்து அழுத்தி, இறுகும்வரை பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் பிள்ளைகளுக்கு வருவதில்லை. மேல்நுனியை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி, குச்சியைப் புட்டி வாயின் குறுக்கே வைத்து, பிறகு மீதியை வார்க்கலாம். கொதிக்கக் கொதிக்க வார்த்தால் அடியில் இறுகியது மறுபடி இளகிவிடும். ஆறும்போது மெழுகு சுருங்கித் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். அதற்கு இரண்டாம் வார்ப்பு. எரிப்பதற்கு முன் நுனியைக் கால் அங்குலத்துக்கு நறுக்க வேண்டும்.

நெரித்த பிசிறு வழியாக மெழுகு ஏறுவது கடினம். மட்டம் மூடிக்குக் கீழே இறங்கியதும் சுடர் பட்டினி கிடந்து தானே அணைகிறது. கால் அங்குல மெழுகு வீணாய்க் கிடக்கிறதே என்று ஆயா முதலில் கோபித்துக்கொண்டாள். “அதெதுக்கு சாரு மிச்சம்?” காரணம் சொன்னதும் எரிந்த வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், அப்புறம் கேட்கவில்லை.

பின்னுவது அழகுக்கு அல்ல. முறுக்கிய நூல் எரிந்து எரிந்து கரித்தலையாக வளர்ந்து புகையும். அந்தக் காலத்து ஐரோப்பியர் அதைக் கத்தரிக்கத் தனியாகக் கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள். 1825இல் காம்பசெரே என்ற பிரெஞ்சுக்காரர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னல் எரிகையில் வளைந்து சுடரின் வெளிவிளிம்புக்குப் போய்த் தன் நுனியைத் தானே சாம்பலாக்கிக்கொள்கிறது. நம் விளக்குகளில் திரி நட்டு நிற்பதில்லை, விளிம்பில் சாய்ந்து கிடக்கிறது. அதனால் நமக்குத் தூண்டுகோல் வேண்டியிருந்தது, அதைப் பிடிக்க ஓர் ஆளும். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குச் சாவா மூவாப் பேராடு 96 என்று கணக்கு வரும். நாளொன்றுக்கு உழக்கு நெய். ஆடு, நெய், அளவு எல்லாம் கல்லில் ஏறியிருக்க, இரவில் எழுந்து திரி தூண்டியவனைத்தான் தேட வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலை உச்சியின் கொப்பரைகூட ஒருவகையில் குவளை விளக்குதான். ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணி அதன் திரி.

மழையில்லாத ஓர் இரவு பிள்ளைகளுக்கு ஃபாரடேயின் வேடிக்கையைச் செய்து காட்டினேன். சுடரை ஊதி அணைத்து, எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே நெருப்பு புகைவழி இறங்கி வந்து உட்காரும். ஏழெட்டு முறை செய்யச் சொன்னார்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே நின்றோம். இதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்குமுன்பே நட்சத்திரம் கண்சிமிட்டியதை அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். அதே வேளையில் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கர்களும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று அப்படித்தான் தெரியவந்தது. இருட்டை வேண்டி மலையேறி வந்தவர்களும் வெளிச்சத்துக்குப் புட்டி தேடுகிறவர்களும் ஒரே மலையில்.

அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் கட்டுரைப் போட்டியில் ‘ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தி’ என்று எழுதி இரண்டாம் பரிசு வாங்கினாள். படித்தேன். மலர்களில் வருவதேதான். ஆனால் நடுவே, யாருக்கும் தேவைப்படாத ஒரு பத்தியில், மூடியில் துளையிடுவதைப் பற்றி ஐந்து வரிகள் இருந்தன. ஆணியை எந்தப் பக்கமிருந்து அடிக்க வேண்டும் என்றுகூட. மதிப்பிட்டவர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, ‘தலைப்பிற்குத் தொடர்பில்லை’ என்று எழுதியிருந்தார்.

எல்லோரும் பிளாஸ்டிக் புட்டிக்கு மாறிவிட்டதில் தகர மூடிகள் அபூர்வமாகிவிட்டன. போளூர் போகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற ஐப்பசிக்கு முப்பதாவது வேண்டும். பதினொன்று சேர்ந்திருக்கிறது.