வந்துபோனதா, வாழ்கிறதா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிய இடத்தைக் கருவக்காடு என்போம். இந்தக் காட்டில் சிறுத்தை உண்டா என்று கேட்டால் டீக்கடையே இரண்டாகப் பிரியும்.

இல்லை என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இடையில் ஊர்களும் நெடுஞ்சாலைகளும். டார்ச் வெளிச்சத்தில் காட்டுப்பூனைகூட பெரிதாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் எந்த ஊரில் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

என் சித்தப்பா ஆடு வளர்க்கிறவர். கண்மாய்க்கரையில் போட்ட கிடையில் ஒரு ராத்திரி இரண்டு ஆடு செத்துக் கிடந்தது. "நாய்னா கண்ட இடத்துல கொதறியிருக்கும்பா. இது குரல்வளையில ஒரே பிடி" என்றார். பார்க்க வந்தவர்கள் நாய்தான் என்று முடித்துவிட்டார்கள். வனவிலங்கு அடித்தது என்று உறுதியானால்தான் வனத்துறை இழப்பீடு. அதற்குத் தடயம் வேண்டும். வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் கால்தடம் எங்கே பதியும்?

2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை என்றார்கள். காவிரி டெல்டாவில் ஏது காடு? ஆனால் சிசிடிவியில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. கூண்டு வைத்தார்கள், கேமரா கட்டினார்கள், சிக்கவில்லை. சில நாளில் அரியலூர் மாவட்டம் செந்துறையில் தென்பட்டது.

அமெரிக்காவில் இதே சண்டை கூகர் என்கிற மலைச்சிங்கத்தை வைத்து நடக்கிறது. கிழக்கு கூகர் அழிந்துவிட்டது என்று 2011 மார்ச்சில் அந்நாட்டு மீன், வனவிலங்குத் துறை முடிவுக்கு வந்தது. அதே ஜூனில் கனெக்டிகட்டில் கார் மோதி ஒரு கூகர் செத்தது. டிஎன்ஏ பார்த்தால், 2,400 கிலோமீட்டருக்கு அப்பால், தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பகுதியைச் சேர்ந்தது. அங்கே கூகர் குடும்பமாக வாழவில்லை என்பதும் உண்மை, ஒன்று வந்தது என்பதும் உண்மை.

எங்க ஊர் விவாதமும் இங்கேதான் சிக்கி நிற்கிறது. 'வாழ்கிறதா?' என்ற கேள்விக்கான பதிலை, 'நேற்று ராத்திரி வந்ததா?' என்று கேட்பவரிடம் கொடுத்து அனுப்புகிறோம். என் வேலையில், லாகே எடுக்காத சர்வருக்கு 'எரர் எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

கடிபட்ட காயத்தில் ஒட்டியிருக்கும் எச்சிலிலிருந்தே டிஎன்ஏ எடுக்கலாம். நாயா, சிறுத்தையா என்று தெரிந்துவிடும். ஆட்டைப் புதைப்பதற்கு முன்னால் யாராவது பஞ்சோடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.