தள்ளாமல் கிளம்பிய கார்

எங்கள் அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால், தள்ளத் தெரியும். 1974-ல் பொள்ளாச்சியில் கல்யாணம் முடிந்து கோவைக்குக் கிளம்பியபோதே, பட்டுப்புடவையோடு இறங்கி மாப்பிள்ளையின் வண்டியைத் தள்ளியவர். தாத்தா செகண்ட்ஹேண்டில் வாங்கிய 1962 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அது. இன்ஜின் பின்பக்கம் இருப்பதால், தள்ளுகிறவர் கை வைப்பது இன்ஜின் மூடியில்தான். அந்த மூடியில் பெயின்ட் மங்கிய இரண்டு இடங்கள் அம்மாவுடையவை என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

2022-ல் உக்கடத்தில் வண்டி நின்றபோது கிண்டல் முடிந்தது. இறங்கித் தள்ளிய அம்மாவுக்கு இடுப்பு பிடித்து, பதினைந்து நாள் படுக்கை. ''இனி இந்த வண்டியில நான் ஏற மாட்டேனுங்க'' என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். வண்டிக்குப் போர்வை போட்டாயிற்று. அப்பாவும் வாசல் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டார்.

ஐம்பதாவது கல்யாண நாளுக்கு அதே வண்டியில் பேரூர் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. என்னிடம்தான் சொன்னார், அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லை.

அந்தக் காலத்துப் பல கார்களைப் போல இதுவும் 6 வோல்ட் வண்டி. அதே சக்தி வேண்டுமென்றால் 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு கரன்ட் பாயவேண்டும். பழைய வயரிலும் துருப்பிடித்த இணைப்பிலும் ஒரு வோல்ட் வீணானால், 6-ல் ஒரு பங்கு போச்சு. 12 வோல்ட்டில் கரன்ட் பாதிதான் என்பதால் வீணாவது அரை வோல்ட். அதாவது 24-ல் ஒரு பங்கு. வயசான வண்டிக்கு இந்த வித்தியாசம் பெரிது.

''12-க்கு மாத்திரலாம்ப்பா'' என்றேன்.

''ஒரிஜினல் போயிருமேடா கண்ணு!''

உள்ளே இருந்து அம்மா குரல் வந்தது. ''ஒரிஜினல் வேணும்னா, தள்றதுக்கும் ஒரிஜினலா ஆள் புடிச்சுக்கச் சொல்லு.''

அதற்குப் பிறகு அப்பா மறுக்கவில்லை.

பல்பு, ஹாரன், வைப்பர் மோட்டார், காயில், டைனமோ, ரெகுலேட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. காசு இருந்தால் நடக்கிற வேலை அது. பாடாய்ப்படுத்தியது செல்ஃப் மோட்டார்தான். (1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த 'செல்ஃப் ஸ்டார்ட்டர்'தான் நம் ஊரில் வெறும் 'செல்ஃப்' ஆனது.) முதலில் போன பட்டறையில் 12 வோல்ட் செல்ஃபைப் பழைய இடத்தில் அப்படியே மாட்டிக் கொடுத்தார்கள். போல்ட் ஓட்டை பொருந்துகிறது, வேறென்ன வேண்டும்? சாவியைத் திருப்பியதும் 'கிர்ர்ர்ர்' என்று ஓர் அலறல். பல்லைக் கடிக்கிற சத்தம். தெருநாய் எழுந்து ஓடியது. அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். என் அவசரத்தால் அவருடைய வண்டியைக் கெடுத்துவிட்டேனோ என்று அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

கணபதியில் ஒரு வயதான மெக்கானிக்கைப் பிடித்தேன். டார்ச் அடித்துப் பார்த்தவர், ''பல்லை எண்ணுனீங்களா தம்பி?'' என்றார்.

எண்ணவில்லை. 6 வோல்ட் பீட்டிலின் ஃப்ளைவீலில் 109 பல். 12 வோல்ட் வண்டியில் 130. செல்ஃபை மட்டும் மாற்றினால் பல்லோடு பல் சேராது. இன்னொன்றும் உண்டு. செல்ஃபின் ஷாஃப்ட் நுனி, கியர்பாக்ஸ் கூட்டில் இருக்கிற ஒரு சின்ன புஷ்ஷுக்குள் உட்கார்ந்து சுற்றும். 12 வோல்ட் செல்ஃபின் ஷாஃப்ட் பழையதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் போல ஒல்லி. பழைய புஷ்ஷில் போட்டால் ஆடும், ஆடினால் கடிக்கும்.

இன்ஜினை இறக்கினோம். பீட்டிலில் அது சுலபம், பிடித்திருப்பது நாலே நாலு போல்ட். புது ஃப்ளைவீல் அளவில் பெரியது என்பதால், கியர்பாக்ஸ் கூட்டின் உள்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்து இடம் செய்யவேண்டியிருந்தது. அந்த ஃப்ளைவீலுக்காகச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு பீட்டில்காரர் கொடுத்தார். புஷ்ஷுக்கு மட்டும் ஊரைவிட்டுப் போகவே இல்லை. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் இது. லேத் பட்டறைக்கா பஞ்சம்? மைக்ரோமீட்டரில் ஷாஃப்டை மூன்று தடவை அளந்து, பித்தளை நிறத்தில் ஒன்றைக் கடைந்து கொடுத்தார்கள். மொத்தச் செலவில் அதுதான் சல்லிசு.

செல்ஃபின் மேல் போல்ட்டுக்கான நட்டு, இன்ஜினின் ஃபேன் கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் முடுக்கவேண்டும். மெக்கானிக்கின் கை உள்ளே போகவில்லை. அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். ''தள்ளுங்க, எனக்கு அது இருக்கற எடம் தெரியும்.'' இரண்டே நிமிடம்.

கழற்றிய பழைய செல்ஃபைத் துடைத்து, துணியில் சுற்றி, அவரே பரணில் வைத்துக்கொண்டார்.

கல்யாண நாள் காலை. அம்மா தானாகவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. அப்பா சாவியைத் திருப்பினார். பழைய இழுவைச் சத்தம் இல்லை. சட்டென்று பிடித்து, வண்டி நகர்ந்து, தெருமுனைக்கே போய்விட்டது.

அப்புறம்தான் பக்கத்து சீட்டைப் பார்த்திருக்கிறார். வாசலில், வண்டி நின்ற இடத்துக்குப் பின்னால், அம்மா இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

ரிவர்ஸ் எடுத்து வந்தார் அப்பா. முந்தானையைச் சரிசெய்துகொண்டு அம்மா கதவைத் திறந்தார்.

''ஏனுங்க, கெளம்பும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?''