தூக்காத கைகள்

இயன்மருத்துவராய்ப் பணியாற்றிய என் தந்தையார் மறைந்து ஓராண்டாகின்றது. 2009இல் போர் முடிந்தபின், கால் இழந்து வந்தோர் பலரைச் செயற்கைக் காலுடன் நடக்கப் பழக்கியவர் அவர். மாலையில் வீடு திரும்பியதும் எங்களுக்கே உரியவராகிவிடுவார். அம்மாவுக்குத் தேங்காய் திருவிக் கொடுத்தபடியே எமக்குப் பாடஞ் சொல்லுவார்.

சிறுவயதிலே நான் சைக்கிளால் விழுந்தபோது அவர் என்னைத் தூக்கவில்லை, அருகில் நின்றார். அதனை நெடுநாள் மனக்குறையாகவே வைத்திருந்தேன்.

பின்னர் பக்கவாதம் அவரது வலப்பக்கத்தை முடக்கியது. மூளையிற் சிதைந்த பகுதியின் பணியை, இடைவிடாப் பயிற்சியினால் ஏனைய பகுதிகள் ஓரளவு ஏற்றுக்கொள்ளும் என முன்னர் அவரே எமக்கு விளக்கியிருந்தார். ஒருநாள் முற்றத்திலே தடுமாறி விழுந்தார். ஓடிச்சென்று தூக்க முனைந்தேன், இடக்கையால் விலக்கினார். அவர் தாமே எழும்வரை அருகில் நின்றேன். தூக்குவதிலும் அவ்வாறு நிற்பது எத்துணை கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.