தப்பொலி

முப்பது வயது கடந்த பின்னரே எமக்குக் காது திறந்தது. அதற்கு முன்னும் யாம் செவிடரல்லேம். ஆங்கிலப் பாடசாலையிலே பியானோவைக் கேட்டோம். பட்டணத்துச் சபைகளில் வீணையும் வயலினும் கேட்டோம். சென்னையிலே 1943-ஆம் ஆண்டு தமிழ் இசைச் சங்கம் தோன்றிய வரலாற்றைப் படித்து, தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டுமென்று நண்பர்களோடு வாதாடியும் இருக்கிறோம். ஆனால், எமது காரியாலயத்துக்குக் கூப்பிடு தூரத்திலே, லயத்து வாசலில் முழங்கிய தப்பை மாத்திரம் இசையென்று யாம் எண்ணியதேயில்லை. அது கேட்கும்போதெல்லாம் சன்னலைச் சாத்தினோம்.

சாத்த முடியாத ஓர் இரவு வந்தது. பால்மரத் தொழிலாளி ஒருவர் காலமானார். மரணப் பதிவுக்கு வேண்டிய விவரங்களைக் குறித்துக்கொள்ள லயத்துக்குப் போனோம். மழை விட்டிருந்த நேரம். காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, நால்வர் தப்புகளை அனலிற் காட்டிக்கொண்டிருந்தனர். ஏனென்று கேட்டோம்.

"தோலு ஈரம் குடிச்சா பேசாதுங்க, கிராணி ஐயா. இந்த ஊரு மழைக்கு ராத்திரி முச்சூடும் காய்ச்சணும்" என்றார் அவர்களுள் மூத்தவர்.

ஈரத்தில் தோல் தளர்ந்து ஓசை தாழும். சூட்டில் இறுகி ஏறும். சுருதி சேர்த்தல் என்று யாம் சபையிற் கண்டு வியந்த செயல் இதுவேயன்றோ! வீணைக்குப் பிரடை, தப்புக்கு நெருப்பு, வேற்றுமை அவ்வளவே.

பின்னர் அடிக்கத் தொடங்கினர். இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி. வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. ஒன்று விளிம்பருகே படபடக்க, மற்றது நடுவில் இறங்கி அழுத்துகிறது. ஒரே கூச்சலென்று யாம் நினைத்திருந்தது இரண்டு குரல்கள் என்பது அன்றுதான் விளங்கிற்று. சாவுக்கு ஓரடி, மணத்துக்கு ஓரடி, சாமி புறப்பாட்டுக்கு வேறோரடி என்று பெரியவர் பிரித்துச் சொன்னார். எம் கையிலிருந்த தாளில் பாதிக்கு மேல் எழுதாமலே பொழுது விடிந்தது.

தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. புறநானூற்றுப் பாட்டொன்று துடியன், பாணன், கடம்பன் என்பாரோடு பறையனையும் சிறந்த குடியாகச் சொல்கிறது. பிற்காலத்துச் சாதிக் கொடுமை கருவியையும் அதைத் தொட்ட கையையும் ஒருங்கே தாழ்த்திற்று.

பெரியவரின் மகன் தப்பைத் தொடுவதில்லை. "இழவு வீட்டுக்கு அடிக்கிறது எங்கப்பாவோட போகட்டும்" என்றார். சீர்திருத்தம் பேசும் யாம் அவரைக் குறை கூறலாமா? பறையடிக்க மாட்டோமென்று தமிழகத்தில் மறுத்தவர் பலர்; மானமுள்ள மறுப்பு அது. ஆயினும், சன்னலைச் சாத்திய எம்போன்றோரின் அருவருப்புக்கும் இவர் மறுப்பில் பங்குண்டு என்பது எம்மை உறுத்துகிறது. இன்று அங்கே இளைஞரும் பெண்களும் அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றுகின்றனர் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தோம்.

"அவங்க விரும்பி அடிக்கிறாங்க, ஐயா" என்றார்.

எமக்கு விடை வரவில்லை.

இப்போது பெரியவரிடம் பாடம் கேட்டு வருகிறோம். பல ஆண்டுகளாக 'நீ' என்றழைத்த அவரை முதன்முறை 'நீங்கள்' என்றபோது, பின்னால் யாரோ நிற்பதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார். எம் இடக்கை இன்னும் வலக்கைக்கு முந்துகிறது. சென்ற ஞாயிறு வாசலில் நின்ற மகன் அதைக் கேட்டுச் சிரித்தார், உள்ளே வரவில்லை.