கஞ்சா மருந்தும் கொழுந்து மலையும்

கொஸ்லந்தையைச் சுற்றிய தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் நாள்பட்ட வலியில் பெரும்பகுதி வேலையில் பிறந்தது. கூடைக் கயிறு தலையை இழுக்க, சரிவில் நின்று நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து எடுத்தால்தான் பல இடங்களில் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழும். கழுத்தும் இடுப்பும் முழங்காலும் அதில் தேய்கின்றன. அதே வரிசையில் வேறொரு வலியும் உட்கார்ந்திருக்கும். சீனி வருத்தத்தில் நரம்பு கெட்டு இரவெல்லாம் பாதம் எரிவது, முதுகில் நரம்பு நசுங்கிக் கால்வரை சுரீரென்று இழுப்பது. கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்தைப் பற்றிப் பேசுவதானால் இந்த நரம்பு வலிக்கு மட்டும், அதுவும் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு பேசலாம் என்பது என் கட்சி. கூடை தந்த வலிக்குக் கூடையின் பாரத்தைக் குறைப்பதுதான் வைத்தியம்.

நரம்பு வலியிலும் பலன் கொஞ்சம்தான். 2018-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், வலி பாதியாவது குறைந்தவர்கள் கஞ்சா மருந்து எடுத்தோரில் 21 சதவீதம், வெற்று மருந்து எடுத்தோரில் 17 சதவீதம். தலைசுற்றல், மயக்கம் போன்ற நரம்பு மண்டலத் தொல்லைகளோ முன்னோரில் 61 சதவீதம், பின்னோரில் 29. சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2021-இல் வலிக்குக் கஞ்சா மருந்தைப் பொதுவாக ஆதரிக்க மறுத்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி, வேறு சிகிச்சை போதாதவர்களுக்குப் புகைக்காத வடிவில் கொடுத்துப் பார்க்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னது. இரண்டும் முரண்படவில்லை என்றே வாசிக்கிறேன். அந்த 61 என்ற எண் லண்டனில் நாற்காலியில் இருந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு சங்கடம். தூறலில் வழுக்கும் மலையில் நிற்பவருக்கு அது எலும்பு முறிவு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினும் தலைசுற்ற வைக்கும்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அதையும் இரவில், குறைந்த அளவில் தொடங்குவது அதனால்தான்.

'நாட்டு வைத்தியத்தில் காலங்காலமாக இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. மதனமோதகம் என்ற ஆயுர்வேத உருண்டையில் கஞ்சா சேர்கிறது. இலங்கைச் சட்டமும் ஆயுர்வேதத்துக்கு வழிவிட்டிருக்கிறது. ஆனால் ஒரு உருண்டைக்குள் கஞ்சாவின் போதைக்கூறான டிஎச்சி எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று தெரியாமல் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. லயத்துக்குப் பின்னால் கைமாறும் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போதைப்பொருள் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. மோர்பினை நாம் அப்படி ஒதுக்கவில்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழுவும் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்துவிட்டது. 2025-இல் மீரிகமவில் கஞ்சா வளர்க்க வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கிடைத்தது, ஏற்றுமதிக்கு. அளவிட்ட மருந்தாக அது ஊவாவின் அரசு ஆஸ்பத்திரிக்கு என்றாவது வந்தால், எரியும் பாதத்துக்கு இரவு வேளையில் சில வாரம் கொடுத்துப் பார்ப்பேன், பலனில்லையேல் நிறுத்துவேன். மருந்துச் சீட்டோடு, நோயாளியை அந்த வாரங்களில் மலைக்கு அனுப்பாமல் பேரைக் குறைக்காமல் வேறு வேலை தரும்படி தோட்டத்துக்கு ஒரு கடிதமும் எழுதுவேன்.