ரெம்பாவ் சிக்குவின் இரண்டு வாரம்

ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் நடுவே கித்தாக் காட்டுக்குள் இருந்தது எங்கள் தோட்டம். பெரட்டுக்களம், கிராணியார் ஒப்பீஸ், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், நான்கு வரிசை லயம், ஓரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. ஒரு பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்த வட்டத்துக்குள்ளேயே நாங்கள் கற்று முடித்துவிடுவோம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே போகக் கூடாது. வயதானவர் வந்தால் உட்கார்ந்திருக்கும் பலகையிலிருந்து எழுந்துவிட வேண்டும். திட்டு வாங்கும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் இன்னும் இரண்டு கூடுதலாக விழும். யாரும் இதையெல்லாம் உட்கார வைத்துப் பாடமாகச் சொன்னதில்லை. அக்காமார் செய்வதைப் பார்த்துத் தங்கைமார் செய்தோம். தவறினால் லயத்தில் எந்த வீட்டு அம்மாவும் காதைத் திருகலாம். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவதால் பிள்ளைகள் மேல் ஊருக்கே உரிமை இருந்தது.

தமிழ்ப்பள்ளியும் லயத்தின் நீட்சிதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் தோட்டந்தோறும் முளைத்த பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. பெரிய வாத்தியார் தோட்டத்து வீட்டிலேயே குடியிருந்தார். சாயங்காலம் கோயிலுக்கு வருவார், எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவோடு பேசுவார். காலையில் வகுப்பில் ஆத்திசூடி ஒப்பிக்கச் சொன்னவர் மாலையில் அதன்படி நடக்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் பிரம்பு இருந்தது. ஆனால் எதற்காக அடி விழுகிறது என்பது வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கும்.

திங்கள்கிழமை சபைக்கூடலில் நெகாராகூ, அதன் பின் நெகிரி செம்பிலான் மாநிலப் பண், பிறகு ருக்குன் நெகாரா. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31-இல் நாட்டுக்கு வகுத்துக் கொடுத்த அந்த ஐந்து கோட்பாடுகளில் கடைசி, நன்னடத்தையும் ஒழுக்கமும். வலது கையை உயர்த்திக்கொண்டு அந்த ஐந்தாவதை நாங்கள் எல்லாவற்றையும்விட உரக்கச் சொல்வோம். முடிந்ததும் பசியாறப் போகலாம் என்பதால் வந்த உற்சாகம் அது. நன்னடத்தை என்றால் எதைச் செய்வது என்று கேட்டிருந்தால் லயத்தில் பழகியதைத்தான் சொல்லியிருப்போம். அது போதும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம்.

1984-இல் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு நகரத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனோம். மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள் நேரே முதலாம் படிவத்தில் உட்கார்ந்தார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்தவர்களுக்கு அதற்கு முன் ஓர் ஆண்டு ரிமூவ் வகுப்பு. மலாய் மொழி பழகுவதற்காக. முதல் நாளே ஆளுக்கொரு பள்ளி விதிப்புத்தகம் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக மலாயில். எந்த மொழி போதவில்லை என்று எங்களை அந்த வகுப்பில் உட்கார வைத்தார்களோ, அதே மொழியில்தான் எங்களுக்கான விதிகளும் எழுதப்பட்டிருந்தன. வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அடி ஆரம்பித்தது. 1959-ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிமுறைப்படி தலைமையாசிரியரோ அவர் பொறுப்பளித்த ஆசிரியரோதான் பையன்களை அடிக்கலாம். பெண்பிள்ளைகளை அடிக்கக் கூடாது. ஆகவே ரோத்தான் பையன்களுக்கு, வெயிலில் நிற்பது எங்களுக்கு. சப்பாத்து வெள்ளையாக இல்லை என்று ஒருவன் வாங்கினான். எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. முந்தின இரவு வெள்ளை பூசிய சப்பாத்து பஸ் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் சிவந்துவிடும். தாமதமாக வந்தான் என்று இன்னொருவன். பஸ் தாமதம் என்று சொல்ல அவனுக்கு மலாய் வரவில்லை. சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டு, வீட்டுப் பழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டான். ஆசிரியர் அவன் தாடையைத் தூக்கி முகத்தைப் பார்க்கச் சொன்னார். அவன் பார்க்கவில்லை. பணிவுக்காகச் செய்தது அங்கே திமிராகத் தெரிந்தது, அதற்கும் சேர்த்து வாங்கினான்.

என்னால் மறக்க முடியாதது எங்கள் லயத்துப் பையன் ஒருவனுக்கு நடந்தது. கேட்டால் எடுத்துக் கொடுப்பான், வழியில் கிழவிகளின் விறகைத் தூக்கி வருவான், அப்படிப்பட்ட பிள்ளை. அவனுக்குத் தெரிந்த மலாய் சீனர் கடையில் சாமான் வாங்கும் மலாய். அதில் எதிரில் நிற்பவர் யாரானாலும் 'லு'தான். ஓர் ஆசிரியரிடம் போய், மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, 'லு' என்று தொடங்கி ஏதோ கேட்டான். வாக்கியம் முடியுமுன் கன்னத்தில் விழுந்தது. ஆசிரியரை அப்படி அழைக்கக் கூடாது, 'சிக்கு' என்றே சொல்ல வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அடித்த பிறகும் யாரும் சொல்லவில்லை. அவன் அதற்குப் பிறகு வகுப்பில் வாயையே திறக்காமல் இருந்தான். பேசாதவனைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிக்கொண்டது, முரடன் என்று.

எங்கள் அப்பா மண்டோராக இருந்தவர். புதிதாக வரும் ஆளுக்கு உடனே நிரை கொடுத்துவிட மாட்டார். வெட்டிச் சாய்க்கப் போகும் கிழட்டு மரங்களில் கொண்டுபோய் நிறுத்தி, உளியைப் பிடிக்கும் விதம், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இறங்கும் சரிவு, பட்டையை எவ்வளவு சீவினால் பால் வரும், எவ்வளவுக்கு மேல் போனால் மரம் காயப்படும் என்று தன் கையால் செய்து காட்டுவார். அவனைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். மறுபடி காட்டுவார். காயம்பட்ட மரத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னால் அதைச் சீவ முடியாது என்று அவருக்குத் தெரியும். ஒரு கித்தா மரத்துக்குத் தோட்டம் காட்டிய இந்தப் பொறுமையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி காட்டவில்லை.

அந்த நிலையில்தான் எங்கள் வகுப்பாசிரியையாக அந்த அம்மா வந்தார். ரெம்பாவ்காரர். பெண்வழியில் நிலமும் குலமும் இறங்கும் ஆடாட் பெர்பாத்தே வழக்கத்தில் வளர்ந்தவர். நிமிர்ந்த நடை, தாழ்ந்த குரல். வந்த அன்று பாடநூலைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் எங்களுக்கு நடந்துகொள்வது மட்டும்தான் பாடம்.

முதலில் எங்களைக் கேட்டார். உங்கள் வீட்டில் பெரியவர் முன்னால் எப்படி நடப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். மலாயும் சைகையும் கலந்து அவர் கேட்டது புரிய நேரமாயிற்று. சீனப் பையன் ஒருவன் இரு கைகளாலும் தேநீர்க் கோப்பையை நீட்டுவது போலக் காட்டினான். நான் எழுந்து கைகட்டித் தலைகுனிந்து நின்றேன். அவர் வந்து என் பக்கத்தில் அதே மாதிரி நின்றார். இது உங்கள் வீட்டு மரியாதை, நல்ல மரியாதை, இதை விட்டுவிடாதே என்றார். பிறகு, இந்தப் பள்ளியில் ஆசிரியர் பேசும்போது முகத்தைப் பார்த்தால்தான் நீ கேட்கிறாய் என்று அவருக்குத் தெரியும் என்று சொல்லி, என்னைத் தன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வைத்தார். கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் பார்த்தேன். அடுத்து அவர்கள் ஊர் மரியாதையைக் காட்டினார். பெரியவர்களைக் கடந்து போகும்போது உடலைச் சற்று வளைத்து, வலக்கையைத் தாழ நீட்டிக்கொண்டு போவது. ஆட்காட்டி விரலால் சுட்டாமல் வலது கட்டைவிரலால் காட்டுவது. வகுப்பு முழுவதும் மேசைகளுக்கிடையில் குனிந்து குனிந்து நடந்தோம். குறுக்கே போகாதே என்று லயத்தில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமாகவே படவில்லை.

குரலுக்கு ஒரு நாள். கித்தாக் காட்டில் நிரை விட்டு நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எங்களுடையது. எங்களுக்குச் சாதாரணப் பேச்சு, அடுத்த வகுப்புக்குச் சண்டை. பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும் குரல், வகுப்புக்குக் கேட்கும் குரல், திடலுக்கான குரல் என்று மூன்றாகப் பிரித்து, ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்ல வைத்தார். கடைசிக் குரலுக்கு எங்களைத் திடலுக்கே அழைத்துப் போனார். கேன்டீனில் வரிசை நிற்பது, கழிவறைக்குப் போக அனுமதி கேட்பது, அலுவலகச் சன்னலில் என்ன சொல்லித் தொடங்குவது, எல்லாவற்றையும் அந்தந்த இடத்துக்கே கூட்டிப்போய்ச் செய்ய வைத்தார். 'லு' சொன்னவனைத் தனியாக அழைத்து, என்னிடம் ஏதாவது கேள் என்றார். அவன் நெடுநேரம் நின்றான். பிறகு "சிக்கு, செலாமாட் பாகி" என்றான். அந்த வாரங்களில் அவன் பேசிய முதல் வார்த்தை.

விதிகளையும் அவர் பிரித்துப் பார்த்தார். பிள்ளையின் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று. தோட்டத்து பஸ்ஸில் வருகிறவர்கள் பெயரை எழுதி வாசலில் நிற்கும் மாணவத் தலைவர்களிடம் கொடுத்தார்; பஸ் தாமதமானால் அந்தப் பெயர்களைக் குறிக்கக் கூடாது. சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு சிலிப்பரில் வரலாம், குழாயடியில் காலைக் கழுவிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அதன் பிறகும் அழுக்காக இருந்தால் விடமாட்டார். அவர் கண்டிப்பானவர். சொல்லிக் கொடுத்ததைச் செய்யாதவன் இடைவேளையில் அவர் முன் நின்று சரியாகச் செய்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் அவர் கையில் ரோத்தானை நான் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பிலிருந்து கட்டொழுங்கு அறைக்குப் போவதும் மெல்ல மெல்ல அரிதாயிற்று.

1983-இல் புதிய பாடத்திட்டம் தொடக்கப்பள்ளிக்கு வந்தபோது நன்னெறிக் கல்வி ஒரு பாடமானது. 1989-இல் தொடங்கிய இடைநிலைப் பாடத்திட்டத்திலும் சேர்ந்தது. எங்கள் செட்டுக்கு அது வாய்க்கவில்லை. பின்னால் என் பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் படிப்பதைப் பார்த்தேன். பண்புகளின் பெயரை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினார்கள். சிக்கு எங்களுக்குப் பண்பின் பெயர் ஒன்றைக்கூட எழுதிப் போட்டதில்லை.

இன்று அந்த லயங்கள் இல்லை. கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். நீலாய், லாபு, சிரம்பான் பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் சில பெயரில் மட்டும் 'லாடாங்' என்பதைச் சுமந்துகொண்டிருக்கின்றன. அடுக்குமாடி வீட்டுக்குப் போன பிள்ளைக்குக் காதைத் திருக உரிமையுள்ள பக்கத்து வீட்டு அம்மா கிடையாது. லயம் சொல்லிக் கொடுத்ததும் இல்லாமல், பள்ளியும் சொல்லிக் கொடுக்காமல், விதிப்புத்தகத்தோடு மட்டும் அவன் இடைநிலைப் பள்ளி வாசலுக்கு வருகிறான். நம் பிள்ளைகள் அடங்குவதில்லை, குண்டர் கும்பலில் சேர்கிறார்கள் என்று மேடைதோறும் வருத்தப்படுகிறோம். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அவனிடம் எதிர்பார்ப்பதை யார், எப்போது அவனுக்குச் செய்து காட்டினார்கள் என்று அந்த மேடைகளில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

இன்று ரிமூவ் வகுப்பிலும் முதலாம் படிவத்திலும் நிற்கும் ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்: முதல் இரண்டு வாரத்தைப் பாடநூலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். விதிப்புத்தகத்தைத் தமிழிலும் சீனத்திலும் அச்சிட்டுக் கொடுங்கள். பெற்றோரைப் பிள்ளை தவறு செய்த பிறகு அழைக்காமல் முதல் வாரத்திலேயே அழையுங்கள். அதுவும் மாலையில், வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில்.