அந்தச் சுடிதார் கடையில் வாங்கியதல்ல



போன மாதம் என் பிறந்தநாளுக்கு நான் போட்டுவந்த மாம்பழக் கலர் சுடிதாரை "சூப்பரா இருக்கு, எந்தக் கடை?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். டவுனில் வாங்கினது என்று சொன்னேன். அது பொய்.

அது என் அமுச்சியின் சுங்குடிச் சேலை. அமுச்சி இறந்து இரண்டு வருடமாகிறது. பனியன் கம்பெனியில் அம்மாவுக்கு அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அது தெரிந்தும் புது டிரஸ் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒருநாள் ராத்திரி அம்மா பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து, லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"உடுத்தி உடுத்தி இடுப்புப் பக்கம் இழை விட்டுப்போச்சு கண்ணு. முந்தானையும் கரையும் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

என் பழைய சுடிதாரை மேலே வைத்துச் சாக்பீஸால் அளவு வரைந்தார். முந்தானை முன்பக்கம் ஆனது. கரை கைக்கும் கழுத்துக்கும் போனது. உள்ளே அப்புச்சியின் பழைய வேட்டி லைனிங். "பழைய துணி தனியா நின்னா தையல்ல விட்டுரும், லைனிங் இருந்தா இழுப்பை அது தாங்கிக்கும்" என்றார். நைந்த பகுதி அடுப்படிக்குக் கரித்துணியாகவும், கிழித்துப் பின்னிய கால்மிதியாகவும் ஆனது. ஒரு முழம்கூட வீணாகவில்லை.

பிறந்தநாள் அன்று சாயங்காலம் ஒரு தோழி வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, டவுன்ல வாங்கினீங்களாமே, எந்தக் கடை?" என்றாள். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமா கண்ணு, கடை பேருதான் மறந்துபோச்சு" என்றார். அப்புறம் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதாம். தினம் 3 லிட்டர் குடித்தால் ஒருவருக்கு 900 நாள் வரும்! திருப்பூர்க்காரர்களான நமக்கு இதைப் புத்தகம் சொல்ல வேண்டுமா? நொய்யலில் ஓடிய சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, வயல்களைக் கெடுத்தது. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. துணிதான் நமக்குச் சோறு போடுகிறது. அதனால்தான் அதைச் சீக்கிரம் தூக்கிப் போடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பார்கள். வெட்டித் தைத்தும் கட்டலாம் தோழிகளே! உங்கள் வீட்டுப் பழைய சேலையைக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா வெட்டிக் கொடுப்பார். தைப்பது உங்கள் வேலை.

இதை எழுதி அம்மாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "கழுத்துப்பட்டி கொஞ்சம் கோணலாப் போச்சு, அதையும் எழுதிரு" என்றார்.

எழுதிவிட்டேன்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி